கண்ணைச் சுட்டால் பார்வை எப்படி நிற்கும்?

வேலூரிலிருந்து குடியாத்தம் திரும்பும் பேருந்து காட்பாடியைத் தாண்டும் வரை அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்பாவையை விரிப்பதற்காக விட்ட சொட்டு மருந்தின் வேகம் இன்னும் தணியாததால், சன்னல் வெளிச்சத்துக்குக் கூசி, முந்தானையைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கே.வி.குப்பம் நெருங்கும்போது, என் பக்கம் திரும்பாமலேயே, "கண்ணச் சுட்டா பார்வ எப்பிடிடா நிக்கும்?" என்று கேட்டார்.

அன்று காலைதான் அவருடைய வலக்கண்ணின் விழித்திரையில் லேசர் கதிரால் சில நூறு இடங்களில் சுட்டிருந்தார்கள். மீதி அடுத்தடுத்த தவணைகளில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்கல்ல, இருப்பதைக் காப்பதற்கே இந்தச் சிகிச்சை என்று மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் சுடுவது எப்படிக் காக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேல்நிலைப் பள்ளியில் 28 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இருந்தும் அம்மாவின் கேள்விக்கு அந்தப் பேருந்தில் என்னிடம் விடை இல்லை. "டாக்டர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று மழுப்பினேன்.

அம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர். எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்கு வீடு நடக்கும் தொழில். ஊறவைத்த இலையைத் தகட்டின் அளவுக்கு வெட்டி, முறத்தில் பரப்பிய தூளை விரல் நுனியால் எடுத்து வைத்து, சுருட்டி, வாயை மடித்து, நூலைச் சுற்றி அறுப்பது வரையான வேலை முழுவதையும், பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்து முடிப்பார். பார்வை மங்கி வருவது எங்கள் ஒருவருக்கும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். கண்ணின் குறையைக் கையின் பழக்கம் மூடிவிட்டது. ஒருநாள் மாலை நூல் அறுந்து நூல்கண்டு உருண்டபோது, அறுந்த முனையைத் தேடி அவர் முறத்துத் தூளை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். நூல் அவருடைய முழங்கைக்கு அருகிலேயே கிடந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேருந்தில் மழுப்பிய குற்ற உணர்ச்சியில்தான் படிக்கத் தொடங்கினேன். நான் வகுப்பில் கண்ணைக் கேமராவாகவே நடத்தி வந்தவன். விழித்திரை அதில் பிம்பம் விழும் ஃபிலிம். முதலில் உடைந்தது அந்த ஒப்புமைதான், ஏனென்றால் ஃபிலிமுக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை. விழித்திரையோ, கால் மில்லிமீட்டர் அளவே தடித்த சவ்வாக இருந்தும், எடைக்கு எடை பார்த்தால் நம் உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களில் ஒன்று. அச்செலவில் பெரும்பங்கு ஒளியை உணரும் செல்களுக்குப் போகிறது: மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள், பகல் ஒளியில் நிறங்களைக் காட்டும் கூம்பு செல்கள். குச்சி செல்கள் மட்டும் ஒரு கண்ணில் 9 கோடிக்கு மேல். அவை ஒவ்வொன்றின் உட்பகுதியிலும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் செலவு எப்போது ஆகிறது என்பதை இரண்டு முறை படித்த பிறகே நம்பினேன். விளக்கு எரிந்தால்தான் மின்கட்டணம் ஏறும் என்று பழகியவர்கள் நாம். குச்சி செல்லில் கணக்கு தலைகீழாக நடக்கிறது. இருளில் அதன் வெளிப்பகுதிச் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்தே கிடக்கின்றன; சோடியம் அயனிகள் அவற்றின் வழியே ஓயாமல் உள்ளே பாய்கின்றன; பாய்ந்ததையெல்லாம் வெளியே தள்ள, உட்பகுதியில் உள்ள பம்புகள், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்தபடி இரவு முழுவதும் ஓடுகின்றன. கிணற்றை ஆழப்படுத்துகிறவர்கள் ஊற்று நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வெட்டுவார்களே, அந்த மாதிரி வேலை இது. ஒளி பட்டதும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, இறைப்பும் குறைகிறது. ஆக, கண்ணை மூடித் தூங்கும் நேரத்தில்தான் விழித்திரை மிகக் கடுமையாக உழைக்கிறது. பூனைகளின் விழித்திரையில் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி அளந்தவர்கள், இருளில் குச்சி செல்களின் உட்பகுதியை ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் அளவு ஏறத்தாழச் சுழிக்கே இறங்கிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். வந்ததெல்லாம் வந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது என்று பொருள்.

இவ்வளவு ஆக்சிஜனை எரிக்கும் திசு குளுக்கோசையும் சிக்கனமாகத்தான் எரிக்கும் என்று எதிர்பார்ப்போம். அது நடப்பதில்லை. 1920-களில் பெர்லினில் ஆட்டோ வார்பர்க், புற்றுத் திசுக்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோசை முழுவதும் எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றி வெளியே விடுவதைக் கண்டறிந்தார். நலமான திசுக்களில் அதே வழக்கம் விழித்திரைக்கும் இருப்பதை அவர் கவனித்தார். அவருடைய ஆய்வகத்தில் அப்போது இளைஞராகப் பணியாற்றிய ஹான்ஸ் கிரெப்ஸ், 1927-ல் விழித்திரையின் வளர்சிதை மாற்றத்தைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஆண்டுதோறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடும் கிரெப்ஸ் சுழற்சிக்குப் பெயர் தந்தவர் இவர்தான். அந்தக் கண்டுபிடிப்பு அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்தது. சுழற்சியைப் பாடமாக நடத்திய எனக்கு அந்த மனிதர் தொடக்கத்தில் விழித்திரையை ஆராய்ந்தவர் என்பது தெரியாமலே போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை லாக்டேட்டோடு நிறுத்தினால் 2 ஏடிபி கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் முழுவதும் எரித்தால் 30-ஐ ஒட்டிக் கிடைக்கும். அப்படியிருக்க, பசி மிகுந்த ஒரு திசு ஏன் இந்த ஊதாரித்தனத்தில் இறங்க வேண்டும்? இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது, குச்சி செல் ஓயாமல் தன்னைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான். அடுப்பெரிக்க மட்டும் விறகு வேண்டியிருந்தால் முழுவதும் எரித்துவிடலாம். அதே மரத்தில் உத்தரமும் கட்டையும் அறுக்க வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் அடுப்பில் வைக்க முடியாது. குச்சி செல்லின் வெளிப்பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் தட்டுகள், காசுகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒளியை வாங்கும் ரோடாப்சின் இந்தத் தட்டுகளில்தான் பதிந்திருக்கிறது. 1967-ல் ரிச்சர்ட் யங், கதிரியக்க அமினோ அமிலங்களைச் செலுத்தி, புதிய தட்டுகள் அடியில் உருவாகி மெல்ல மெல்ல நுனிக்கு நகர்வதைக் காட்டினார். எலிகளில் அந்த அடுக்கு முழுவதும் பத்து நாட்களுக்குள் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு புதிதாகக் கட்டப்படுகிறது என்றால், குளுக்கோசின் கார்பனை எரித்துத் தீர்க்காமல் கட்டுமானத்துக்கும் ஒதுக்க வேண்டிய தேவை விளங்கும்.

நுனியில் பழசான தட்டுகளைக் குச்சி செல் காலை வெளிச்சம் வந்ததும் உதிர்க்கிறது. உதிர்ந்ததை விழுங்குவது அதன் பின்னால் ஒற்றை வரிசையாக நிற்கும் நிறமி எபிதீலியச் செல்கள். ஒரு நிறமிச் செல்லின் பொறுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதும், பொதுவாகப் புதிதாகப் பிரிந்து பெருகாமல், தினமும் அத்தனையின் உதிரியையும் அது தின்று செரிக்கிறது. தின்ற தட்டுகளில் உள்ள கொழுப்பைத் தன் எரிபொருளாக்கிக்கொண்டு, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் பொருள்களில் ஒரு பங்கை ஒளியுணர் செல்களுக்கே திருப்பித் தருகிறது. மாலைக்கண் நோயோடு நாம் எப்போதும் சேர்த்துப் பேசும் வைட்டமின் ஏ-யும், ஒளி பட்டு உருமாறிய பின் இந்தச் செல்லுக்குள் வந்து பழைய வடிவம் பெற்றுத்தான் மீண்டும் வேலைக்குப் போகிறது. அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த உறவினர்கள் ஆளுக்கொரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார்கள். கேழ்வரகுக் களியோடு அந்தக் குழம்பை நாங்களும் விரும்பித்தான் சாப்பிட்டோம். ஆனால் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவுமே தவிர, சர்க்கரையால் சிதைந்த இரத்த நாளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அவர்களிடம் அதைச் சொல்லிப் புண்படுத்தவில்லை.

நிறமிச் செல்லுக்கும் ஒளியுணர் செல்லுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை ஒரு கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொண்டால் எளிதாகப் பிடிபடுகிறது. குளுக்கோஸ், கண்ணின் பின்சுவரில் உள்ள கோராய்டு என்னும் இரத்த நாளப் படலத்திலிருந்து வருகிறது. அது ஒளியுணர் செல்லைச் சேர வேண்டுமானால் நடுவே நிற்கும் நிறமிச் செல்லைக் கடந்தாக வேண்டும். நிறமிச் செல் பரிமாறுகிறவன் இடத்தில் இருக்கிறது. வாளியில் உள்ளதைத் தானே உண்டுவிட்டால் பந்தியில் இருப்பவர்கள் பசியோடு எழ வேண்டியதுதான். அப்படி நேராமல் தடுப்பது, ஒளியுணர் செல் வெளியே விடும் அந்த லாக்டேட்தான். ஊதாரித்தனம் என்று நாம் நினைத்த கழிவு, நிறமிச் செல்லுக்கு உணவாகிறது. அது கிடைக்கும் வரை நிறமிச் செல் குளுக்கோசை அதிகம் தொடாமல் அப்படியே கடத்திவிடுகிறது. நிறமிச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதுபட்டு அது குளுக்கோசையே எரிக்கத் தொடங்கினால், ஒளியுணர் செல்கள் பட்டினியில் சாகின்றன. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா முதுமையில் சிதைவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பரம்பரையாக வந்து விழித்திரையை மெல்ல அழிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயிலும் பட்டினியின் கை தெரிகிறது. அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் எங்கள் ஊர்களில், இருட்டினால் தடுமாறும் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்றிரண்டை எல்லாருமே அறிவோம். மரபணுக் கோளாறு பெரும்பாலும் குச்சி செல்லில்தான் இருக்கிறது; அது முதலில் சாகிறது. பழுதே இல்லாத கூம்பு செல்கள் ஏன் பின்னாலேயே போகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. குச்சி செல்கள் சுரக்கும் ஒரு புரதம் கூம்பு செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய உதவுகிறது என்பதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். கூம்பு செல் பட்டினியால் சாகிறது என்ற விளக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது.

கள்ளச்சாராயத்தில் கண் போவதும் இதே கதையின் கொடூரமான வடிவம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் மெத்தனால் இருந்தது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிறது. ஃபார்மிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியில் ஆக்சிஜனைக் கையாளும் நொதியை அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இருந்தும் எரிக்க முடியாத நிலையில், உடலின் மற்ற உறுப்புகளுக்கு முன்பாகவே பார்வை நரம்பும் விழித்திரையும் கைவிடுகின்றன. செலவு மிகுந்த வீடுதானே வருமானம் நின்றதும் முதலில் தள்ளாடும்.

இனி அம்மாவின் கண். விழித்திரைக்கு இரத்தம் இரண்டு வழியில் வருகிறது. பின்னால் இருக்கும் கோராய்டு, ஒளியுணர் செல்கள் உள்ள வெளியடுக்குகளுக்கு ஊட்டுகிறது; பார்வை நரம்போடு நுழையும் தமனியின் நுண்கிளைகள் உள்ளடுக்குகளுக்கு ஊட்டுகின்றன. சர்க்கரை நோய் முதலில் அரிப்பது இந்த இரண்டாவது வழியின் நுண்குழாய்களை. தசைச் செல்கள் இன்சுலின் சொன்னால்தான் குளுக்கோசுக்குக் கதவைத் திறக்கும். விழித்திரையின் செல்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் உள்ளே வரும், மூடிக்கொள்ள வழியில்லை. மிகுந்த குளுக்கோஸ் ஒரு பக்கம் சார்பிட்டாலாக மாறுகிறது, ஒரு பக்கம் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, ஒரு பக்கம் மைட்டோகாண்ட்ரியாவில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்கள் மடிகின்றன. குழாய்கள் வீங்குகின்றன, கசிகின்றன, ஆண்டுகள் செல்லச் செல்ல அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத உள்ளடுக்கு விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரந்து இரத்த நாளங்களை வரவழைக்கிறது. வருபவை உதவாக்கரை நாளங்கள். தொட்டால் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டும், தழும்பாகி விழித்திரையை இழுத்துப் பிய்க்கும். அம்மாவின் வலக்கண் அந்தக் கட்டத்தின் வாசலில் இருந்தது.

லேசர் இங்கேதான் நுழைகிறது. கதிரின் சூட்டை வாங்குவது நிறமி எபிதீலியம். அந்தச் சூட்டில் அதை ஒட்டிய ஒளியுணர் செல்கள் வெந்து மடிகின்றன. நடுவில் உள்ள மாக்குலாவைத் தொடாமல், ஓரங்களில் புள்ளி புள்ளியாக, தவணைகள் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிச் செய்கிறார்கள். மடிந்தவை எவை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. விழித்திரையிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனை விழுங்கும் செல்கள் அவைதான். அவை போன இடங்களின் வழியே, கோராய்டிலிருந்து வரும் ஆக்சிஜன் தடையின்றிக் கடந்து, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த உள்ளடுக்கை எட்டுகிறது. விஇஜிஎஃப் சுரப்பு தணிகிறது, புதிய நாளங்கள் வாடுகின்றன. வரவைக் கூட்ட முடியாத இடத்தில் செலவைக் குறைக்கிறார்கள். இப்போது விஇஜிஎஃப்-ஐ நேரடியாகத் தடுக்கும் ஊசிகளும் கண்ணுக்குள் போடப்படுகின்றன. அவற்றுக்கு அடிக்கடி வர வேண்டும் என்பதால், எங்கள் தூரத்துக்கும் வசதிக்கும் லேசரையே மருத்துவர் முதலில் சொன்னார்.

இந்த விளக்கமெல்லாம் சிகிச்சைக்குப் பின்னால் வந்தவை என்பது சுவையான செய்தி. 1945 ஜூலையில் ஏற்பட்ட சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோனவர்களை ஜெர்மனியில் கண்ட மெயர் ஷ்விக்கரத், ஒளியாலேயே விழித்திரைக்குச் சூடு வைக்கலாமே என்று எண்ணித் தொடங்கியதுதான் இந்த முறை. முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். செனான் விளக்கும் லேசரும் பிறகு வந்தன. 1976-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு, இத்தகைய சூடு கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதாகக் காட்டியது. இரத்தச் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினால் இந்த நிலைக்கு வருவதையே பெரிதும் தவிர்க்கலாம் என்று 1993-ல் முதல் வகை நோயாளிகளிடமும், 1998-ல் இரண்டாம் வகை நோயாளிகளிடமும் நிறுவப்பட்டது. ஆனால் நூல் முனையைத் தடவும் நாளில்தான் நாங்கள் விழித்திரையைப் பரிசோதிக்கப் போனோம். சர்க்கரை என்று தெரிந்த அன்றே போயிருக்க வேண்டும். ஆசிரியரான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விளக்கினேன். மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லைத் தவிர்த்து, உள்ளே வேலை செய்கிற ஆட்கள், அவர்களுக்குச் சாப்பாடு, சாப்பாட்டு வரத்து குறைந்துபோனது என்று சொல்லிக்கொண்டே போனேன். முறத்திலிருந்து நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "எல வரத்து கம்மின்னு ஆள நிறுத்திட்டாங்க, அவ்ளோதானே?" என்றார். நான் இத்தனை பக்கம் படித்து வந்து சேர்ந்த இடம் அதுதான். நிறுத்தப்பட்ட ஆட்கள் பெரும்பாலும் குச்சி செல்கள் என்பதால் இருட்டில் பார்வை குறையும் என்றும் சொல்லி வைத்தேன்.

இதற்கு முன்பே நான் ஒரு அவசரக் காரியம் செய்திருந்தேன். இருளில்தான் விழித்திரைக்குச் செலவு அதிகம் என்று படித்த மறுநாளே, இரவில் மெல்லிய வெளிச்சம் இருந்தால் சர்க்கரைக் கண்ணுக்கு நல்லது என்று ஜெஃப்ரி ஆர்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் முன்வைத்த கருத்தையும் படித்தேன். உடனே கடைக்குப் போய் ஒரு ஜீரோ வாட் பல்பு வாங்கி வந்து அம்மாவின் அறையில் மாட்டிவிட்டேன். தூக்கம் வரவில்லை என்று அவர் முனகினாலும் அணைக்க விடவில்லை. இரண்டு வாரம் கழித்து மீதிக் கட்டுரைகளையும் படித்தபோது, தூங்கும்போது இமைகளின் மேல் ஒளி படும் முகமூடி அணிந்த நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானதும், மாக்குலா வீக்கத்தில் அதனால் பயன் ஏதும் காணப்படவில்லை என்பதும் தெரிந்தது. தர்க்கம் அழகாக இருந்தால் மட்டும் மருந்து வேலை செய்துவிடாது. மன்னிப்புக் கேட்கும் தொனியில் அம்மாவிடம் போய், பல்பை அணைத்துவிடலாம் என்றேன்.

அதற்குள் வலக்கண்ணில் நான்கு தவணையும் இடக்கண்ணில் இரண்டும் முடிந்திருந்தன. முந்தின வாரம் நள்ளிரவில் புழக்கடைக்குப் போகும்போது படி தெரியாமல் தடுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. நான் சுவிட்சில் கை வைத்ததும், "அது எரியட்டும்டா. கண்ணுக்கு ஆவாட்டி காலுக்கு ஆவுது" என்றார். இப்போது புழக்கடைக் கதவருகே இன்னொரு பல்பும் மாட்டியிருக்கிறேன்.